என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?

டீச்சர், தப்பா நெனச்சுக்கிடாதீக. நீங்க போட்டிருக்க ஜாக்கெட்ட யாரு தச்சது? கோவில்பட்டியிலயா? அதான பாத்தேன். கழுத்த அகலமா வெட்டிப்புட்டு ஷோல்டரக் குறைக்காம விட்டிருக்கான் பாவி. பஸ் ஏறுனதுல இருந்து நீங்களும் தோள்பட்டைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே வாரீக, எனக்குக் கை பரபரங்குது. என்கிட்ட வந்திருந்தா அளவு ஜாக்கெட்டே வேணாம். ஆளு நடந்து வாரதப் பாத்தாலே வெட்டிப்புடுவேன்.

ஆமா, டெய்லர்தான். வேலுத்தாய் டெய்லர். எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் கை காட்டுவாக. வீட்டு முன்னறையத்தான் கடையாப் போட்டிருக்கேன். பொம்பளைக்கு மட்டும். ஆம்பள நிழல் உள்ள விழக்கூடாது. எங்க வீட்டுக்காரவுக லோடு ஆட்டோ ஓட்டுறாக, அவுகளே பசிச்சா வெளிய நின்னு ஆரன் அடிச்சுத்தான் என்னையக் கூப்பிடணும்.

கோவில்பட்டிக்கு எதுக்குப் போறேன்னா, என் மருமக தாரணி அங்க அவ அம்மா வீட்டுல இருக்கா. நியாயம் கேக்கப் போறேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்கிடாதீக, எங்க வீட்டுக்காரவுக அப்பிடித்தான் ஊர்பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறாக. வேலுத்தாயி மன்னிப்புக் கேட்டு எவனும் பாத்ததில்ல. தாரணிக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. வயித்துல நின்னிருக்கா இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும், என் மகன் போன் பண்றேன்னிருக்கான். நின்னிருந்தா அவ போலீஸ் வேலைக்கு ஓட முடியாது. எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா டீச்சர், இனி ஓட்டப் பரீட்சைதான் பாக்கி, அதுவும் இந்தா வந்துருச்சு. புள்ள நின்னா மாமியாக்காரி சந்தோசமாத்தான இருக்கணும், இவ ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கான்னு பாக்குறீகளா? இருங்க, சொல்றேன். அந்தச் சன்னலக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல என் சத்தம் எனக்கே கேக்கல.

எங்க ஊருல மெடிக்கல் ஷாப்பு ஒண்ணே ஒண்ணு. எங்க கொழுந்தன் சுடலைமணி கடை. கூடப்பொறந்த தம்பின்னு எங்க வீட்டுக்காரவுக தலையில தூக்கி வெச்சு ஆடுவாக. ஆனா அவன் வாயில ஒரு சங்கதி நிக்காது. ஒருத்தி தலைவலி மாத்திரை வாங்கினாலே அவ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவ மாமியாளுக்குத் தெரிஞ்சிரும். இதுல புள்ள வேணாம்னு மாத்திரை கேட்டா சும்மா விடுவானா? சரி, நர்சம்மாகிட்ட சும்மாவே குடுக்காகளே, அங்க வாங்கலாம்னா, அந்த சப் சென்டரக் கொண்டுபோய் டீக்கடைக்கு எதுத்தாப்புல கட்டி வெச்சிருக்காக. இடுப்புல புள்ளை இல்லாம ஒருத்தி படி ஏறுனாப் போதும், டீக் கிளாஸக் கீழ வெச்சிட்டு அம்புட்டுப் பேரும் திரும்புவானுக. எவ போவா?

அமுதவல்லி நர்சம்மாதான் வந்து கேட்டாக. "வேலுத்தாயிம்மா, பொம்பளைங்க எத்தன தடவ வந்தாலும் சந்தேகப்படாத எடம் இந்த ஊருல உங்க கடை ஒண்ணுதான். மாத்திரைப் பொட்டிய இங்க வெச்சுக்கிடுறீங்களா?"ன்னாக. வைங்கன்னேன். எவன் என்னையக் கேட்டுருவான்? ஆனா கண்டபடி தூக்கிக் குடுக்க மாட்டேன் டீச்சர். புதுசாக் கேக்குறவள நர்சம்மா வார அன்னைக்கு வரச் சொல்லி, ஜாக்கெட்டுப் போட்டுப் பாக்குற எடத்துல திரைக்குப் பின்னால உக்கார வெச்சு, பிரஷர் பாத்து, கைப்புள்ளைக்குப் பால் குடுக்கியா, வேற நோவு நொடி இருக்கான்னு கேட்டு, அவுக சரின்னாத்தான் மாத்திரை அட்டை. அதுக்கப்புறம் மாசாமாசம் என் கையால. தச்ச ஜாக்கெட்ட மடிக்கும்போதே நடுவுல அட்டைய வெச்சு மடிச்சு, மேல ஒரு குண்டூசியக் குத்தி, மஞ்சப்பையில போட்டுக் குடுத்துருவேன். எவளும் வாயத் தொறந்து கேக்க வேண்டியதில்ல. நல்லா இருக்க ஜாக்கெட்டுல நாலு தையல அவளே பிரிச்சுக்கிட்டு வந்து நிப்பா, நான் மறுபடி போட்டுக் குடுப்பேன். எங்க ஊருப் பொம்பளைக ஜாக்கெட்டு மாதிரி கெட்டித் தையல் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது, அம்புட்டுத் தடவ தச்சிருக்கு.

ஒரு நா பக்கத்துத் தெரு இசக்கியம்மா வந்துட்டா. அவ மருமக ஜோதிமணிக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைக. மூணாவது பேரன்தான்னு இவ சோசியங்கிட்டக் கேட்டு வெச்சிருக்கா. ஜோதிமணி என்கிட்ட வாங்குறத எப்பிடியோ மோப்பம் புடிச்சிட்டா. எங்க வாசல்ல நின்னு, "ஏ வேலுத்தாயி, என் குலத்த அறுக்குறியே, நீ வெளங்குவியா"ன்னு மண்ண வாரித் தூத்துறா. கையில இருந்த கத்திரியோட எந்திரிச்சு வந்தேன். "ஏ இசக்கி, சுமக்குறவ அவ, நொந்து பெக்குறவ அவ, உனக்கு எங்க வலிக்குது? அவ உடம்பு, அவ இஷ்டம். மகன் பொண்டாட்டி எப்பப் பெக்கணும்னு சொல்ல நீ யாரு?"ன்னேன். தெருவே கைகொட்டிச் சிரிச்சுச்சு. இசக்கி போன போக்குல செருப்ப விட்டுட்டுப் போயிட்டா. ஜோதிமணி என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. "அக்கா, உங்களுக்கு மருமகளா வந்தவ குடுத்து வெச்சவ"ன்னா.

குடுத்து வெச்சவதான. என்ன கொறை வெச்சேன் சொல்லுங்க. அதிர்ந்து ஒரு சொல் சொன்னதில்ல. மாசத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், "தலைக்கு ஊத்திட்டியா?"ன்னு. அது ஒரு குத்தமா? மாமியா கேக்காம வேற எவ கேப்பா? ஊத்திட்டேன் அத்தைம்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், மெஷினப் போய் மிதிப்பேன். அன்னைக்குப் பூராம் அவகூடப் பேச மாட்டேன், அது வேற. காளியம்மன் கோயில் வேம்புல தொட்டில் கட்டினேன். வெறும் வயித்துல மலைவேம்புச் சாறு அரச்சுக் குடுத்தேன். அந்தக் கசப்புக்குக் கண்ணுல தண்ணி வந்துரும், அவ பாட்டுக்குக் குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிருவா. அவளுக்குத் தைக்கிற ஜாக்கெட்டுல மட்டும் உள்பக்கம் துணிய ரெண்டு வெரக்கடை கூட விட்டுத் தைப்பேன், மாசமானா பிரிச்சு விட்டுக்கிடலாம்னு. எந்த மாமியா செய்வா இதெல்லாம்?

போலீஸ் வேலைக்குப் போறேன்னா. நான் வேணாம்னேனா? ஒரு புள்ளையப் பெத்து என் கையில குடுத்துட்டு நீ போலீஸ் ஆகு, கலெக்டர் ஆகுன்னுதான் சொன்னேன். விடிஞ்சும் விடியாம ரோட்டுல ஓடுவா. ஓடுறதுக்குக் கால்சட்டை நான்தான் தச்சுக் குடுத்தேன், எலாஸ்டிக் வெச்சு, சாவி போட ஒரு பாக்கெட்டும் வெச்சு. டீக்கடையில ஒரு நா நாலு பய உக்காந்துக்கிட்டு அவ ஓடுறதப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிச்சிருக்கானுக. நேராப் போயி அவனுக உக்காந்திருந்த பெஞ்ச ஆளோட சேத்துக் கவுத்திட்டு வந்தேன். கேட்டுப் பாருங்க. இப்பயும் அவ ஓடுனா அங்க ஒரு பய தல நிமிர மாட்டான்.

இப்பிடி இருக்கையிலதான் பங்குனிப் பொங்கல் வந்துச்சு. கடை நெறையத் துணி. மூச்சு விட நேரம் இல்ல. ஜோதிமணி வந்து, அக்கா என் ஜாக்கெட்டுன்னா. அவளுது பச்சை. அலமாரியில பாத்தேன், பச்சை ஜாக்கெட்டு ஒண்ணு மடிச்சு இருக்கு, தடவிப் பாத்தா உள்ள அட்டை இருக்கு. என் கடையில மடிச்ச ஜாக்கெட்டுக்குள்ள அட்டை இருந்தா, ரெடின்னு அர்த்தம். ஒரு குண்டூசியக் குத்திக் குடுத்து அனுப்பிட்டேன்.

மறுநா திரும்பி வந்தா. கடையில கால் வைக்க எடமில்லாம பொம்பளைக. "அக்கா, என்னக்கா இது, ஜாக்கெட்டு எனக்கு முழங்கைக்கு மேல ஏறல. அட்டையும் நம்ம அட்டை இல்ல, கடையில விக்கிற அட்டை. அதுலயும் எவளோ ரெண்டு மூணு தின்னுட்டா"ன்னு எல்லாருக்கு முன்னாலயும் தூக்கிக் காட்டுறா. எவளுதுடி இதுன்னு வாங்கி உள்பக்கத்தப் பெரட்டிப் பாத்தேன். துணி ரெண்டு வெரக்கடை கூட விட்டிருக்கு.

டீச்சர், இந்த ஊருலயே ஒருத்திக்குத்தான் நான் அப்பிடித் தைக்கிறேன்.

"இது தாரணி ஜாக்கெட்டாச்சே"ன்னு என் வாயே சொல்லிருச்சு. அப்புறம் மூலையில இருந்து ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. "ஊருக்கெல்லாம் வேலுத்தாயி அக்கா அட்டை, அக்கா வீட்டுக்கு மட்டும் கடைச் சரக்கா?"ன்னா. அவ்வளவுதான், அடக்கி வெச்சிருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டாளுக. நான் குடுத்த மாத்திரையத் தின்னுட்டு என்னையப் பாத்தே சிரிக்காளுக. எனக்கு மானம் போச்சு டீச்சர்.

உள்ள போனேன். தாரணி வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. அட்டைய அவ முன்னால போட்டேன். பதறுவா, அழுவான்னு பாத்தா, எடுத்து, எத்தனை இருக்குன்னு பாக்குறா! "இதத் தேடிக்கிட்டு இருந்தேன் அத்தை"ங்கிறா. அவ ஜாக்கெட்டு மடிப்புலயே ஒளிச்சு வெச்சிருந்திருக்கா, பொங்கத் துணி அவசரத்துல நான்தான் அதையும் சேத்து அள்ளிக் கடை அலமாரியில வெச்சிருக்கேன். என்னா நெஞ்சழுத்தம்! எனக்கு எதுல வயிறு எரிஞ்சதுன்னு நெனைக்கீக? மாத்திரை தின்னதுலயா? அதுவுந்தான். என்னையத் தொட்டில் கட்டவிட்டு, சாறு அரைக்கவிட்டு, ரெண்டு வருசமா வேடிக்கை பாத்திருக்கா. ஆனா அதக் கூட விடுங்க. ஒரு பொட்டி நெறைய நான் வீட்டுல வெச்சுக்கிட்டு ஊரு பூராம் குடுக்கேன், நீ காசு குடுத்து வெளியூர்ல வாங்கித் திங்கிறியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அதத்தான் கேட்டேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா அத்தை?"ன்னா.

"எப்பிடிறி குடுப்பேன்? நீ என் மருமகள்ல?"ன்னேன்.

சொல்லிட்டுப் பாக்கேன், அவ சிரிக்கா. வெங்காயத்துல கண்ணு கலங்கிப் போயிருக்கு, ஆனாச் சிரிக்கா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அந்நேரம் பாத்து என் மகன் அழகுராஜா மில்லுல இருந்து வாரான். "அம்மா, அவள ஒண்ணும் சொல்லாத, வாங்கிட்டு வந்தது நான்தான்"ங்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் பனியன் வாங்கணும்னாலே நான் கூடப் போகணும் டீச்சர், அம்புட்டுக் கூச்சம். அந்தப் பய அருப்புக்கோட்டை போயி மெடிக்கல் ஷாப்புல நின்னிருக்கான். கூட்டம் கொறையட்டும்னு ஓரமா நிப்பானாம். ஆளு வந்துட்டா இருமல் மிட்டாய் குடுங்கம்பானாம். இன்னொரு ஆளு வந்தா பேஸ்டு குடுங்கம்பானாம். கடைசியா கடைக்காரன் முகத்தப் பாக்காம சொன்னா, அவன் என்னமோ கள்ளச் சாராயம் குடுக்குற மாதிரி பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, கீழ வழியா நீட்டுவானாம். ஒரு தடவ போன கடைக்கு மறு தடவ போக மாட்டானாம். வீட்டுல ஏன் பேஸ்டும் இருமல் மிட்டாயுமா குமியுதுன்னு நான் கூட யோசிச்சிருக்கேன், மில்லுல பஞ்சுத் தூசியில புள்ளைக்குத் தொண்டை கட்டுது போலன்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். சிரிக்காதீக டீச்சர். பெத்த வயிறு பதறுமா பதறாதா? என் மகன இப்பிடித் திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டாளே!

விட்டேனா? அட்டைய வாங்கி என் முந்தியில முடிஞ்சேன். மகன் கையப் புடிச்சு என் தலையில வெச்சு, "இனிமே இத வாங்கக் கைய நீட்டுனா என் பொணத்தத்தான் பாப்பே"ன்னு சத்தியம் வாங்கினேன். அவன் பொண்டாட்டி மூஞ்சியவும் பாக்கான், என் மூஞ்சியவும் பாக்கான், கடைசியில சரின்னுட்டான். நேரா சுடலைமணி கடைக்குப் போயி, என் மருமக வந்தா ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன். ஆமா, சொன்னேன். எங்க வீட்டுக் காரியம். மத்த வீட்டுக் கதையும் இதுவும் ஒண்ணா?

தாரணி ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அவ பாட்டுக்குச் சமைச்சா, அவ பாட்டுக்கு ஓடினா. அத்தைங்கிறத மட்டும் விட்டுட்டா. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு", "தண்ணி வந்துருச்சு", இப்பிடி சுவத்தப் பாத்துப் பேசுனா. நானும் சுவத்தப் பாத்தே பதில் சொன்னேன். எனக்கு மட்டும் வீம்பு இல்லையா?

நர்சம்மா வார அன்னைக்கு இவ போயி சொல்லியிருக்கா. மாத்திரைய நடுவுல விட்டாச்சு, நாளும் தள்ளிப் போகுதுன்னு. அமுதவல்லி நர்சம்மா வந்தாகளே கடைக்கு, அவுக ஒரு நாளும் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல, அன்னைக்குக் கத்துறாக. "ஒரு பொண்ணு தின்னுக்கிட்டு இருக்க மாத்திரையப் புடுங்கி வெச்சிருக்கீங்க. உங்கள நம்பியா நான் பொட்டிய வெச்சேன்?"ன்னாக. "என் மருமக, நான் புடுங்குவேன், நீங்க யாரு கேக்க?"ன்னேன். "அப்ப உங்களுக்கும் இசக்கியம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?"ன்னு கேட்டுட்டாக டீச்சர். என்னையப் போயி அவகூடச் சேத்து வெச்சுப் பேசுறாக. "தூக்கிட்டுப் போங்க உங்க பொட்டிய!"ன்னேன். தூக்கிட்டுப் போயிட்டாக.

அது போதாதுன்னு இசக்கியே வந்தா. நல்லா சேலை கட்டி, பூ வெச்சு, கல்யாண வீட்டுக்கு வார மாதிரி வந்தா. வாசல்ல நின்னு, நான் அன்னைக்குச் சொன்னத ஒரு எழுத்து விடாம திருப்பிச் சொன்னா. "ஏ வேலுத்தாயி, சுமக்குறவ அவ, நொந்து பெக்குறவ அவ, உனக்கு எங்க வலிக்குது?"ங்கிறா. நான் சொன்னா நல்லா இருந்துச்சு, அவ சொன்னா சகிக்கல. அது வேற விசயம், இது வேற விசயம்னு எவ்வளவோ சொன்னேன். என்ன வேறன்னு கேட்டா. அவளுக்கெல்லாம் வெளக்கம் சொல்லி ஆகுமா? கதவச் சாத்திட்டேன்.

அன்னைக்கே தாரணி பைய எடுத்துக்கிட்டா. "நான் கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கேன்"னு சுவத்துகிட்டச் சொன்னா. என் மகனும் லீவப் போட்டுட்டு பின்னாலயே போயிட்டான். போகட்டுமே. நான் தடுக்கல. மெஷினப் போட்டு மிதி மிதின்னு மிதிச்சேன். ஊசி ஒடிஞ்சதுதான் மிச்சம்.

மறுநா வாசக் கூட்டப் போறேன், நடையில அவ ஓடுற ஷூ கெடக்கு.

எதையும் மறக்குறவ இல்ல அவ. செல்போன் சார்ஜர், சீப்பு, ஈரத் துணி எல்லாம் எடுத்துட்டுப் போயிருக்கா. இத மட்டும் விட்டுட்டுப் போயிருக்கா, கழுவிச் சுத்தமா, ஜோடியா வெச்சுட்டுப் போயிருக்கா. இனி இதுக்கு வேலை இல்லன்னு அவளே முடிவு பண்ணிட்டாளாக்கும். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! எவ அவள நிக்கச் சொன்னது? நான் பெஞ்சக் கவுத்து வழி பண்ணிக் குடுத்த ரோடு டீச்சர் அது. அந்த டீக்கடைப் பயலுக நாளைக்கு என்ன சொல்லுவானுக? பாத்தியா, வேலுத்தாயி மருமக வயித்தத் தள்ளிக்கிட்டு வீட்டுல உக்காந்துட்டான்னு சிரிக்க மாட்டானுகளா? அவனுகளச் சிரிக்க விட்டுட்டு நான் அந்தத் தெருவுல எப்பிடிக் கடை நடத்துறது?

நேரா காளியம்மன் கோயிலுக்குப் போனேன். ஆத்தா, நான் முன்னால கேட்டதக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்க, இப்ப வேணாம்னேன். அவ ஓடி முடிக்கட்டும், அப்புறம் நானே வந்து சொல்றேன்னேன். பூசாரி என்னையப் பைத்தியக்காரி மாதிரி பாத்தான். பாத்தா பாத்துக்க. எனக்குப் பேரப்புள்ள வேணும்தான். ராவும் பகலும் வேணும். அதுக்காக அவ ஷூவக் கழுவி வெச்சிட்டுப் போறத என்னால பாக்க முடியல டீச்சர். நெஞ்சக் கரண்டி வெச்சுச் சொரண்டுன மாதிரி இருக்கு. இந்தா, இந்தப் பையிலதான் ஷூ இருக்கு. மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு, ஓடுறின்னு சொல்லத்தான் போறேன். நின்னிருந்தாலும் சரி, நிக்காட்டியும் சரி, அத்தைன்னு கூப்புட்டாளான்னா அதுவும் இல்ல...

இருங்க, போன் அடிக்குது. என் மகன்தான்.

ஏலே, சொல்லு. ம். ம். சத்தமாச் சொல்லுலே, பஸ்ஸுல இருக்கேன். என்னது? வந்துருச்சா? தலைக்கு ஊத்திட்டாளா? ஆத்தா, காளியாத்தா! ஏலே நெசமாத்தான சொல்ற? கண்டக்டர் தம்பி, நீ என்ன திரும்பிப் பாக்குற, டிக்கெட்டக் கிழி. ம், யாரு? அவளா பேசணும்ங்கிறா? குடு.

ம்.

ம். சொல்லு, கேக்குது.

சரி. ... சரி. அந்த அட்டைதான, அதே பேருதான? சரி, வெச்சிரு. ஏ, தாரணி, வெச்சிராத. சாப்ட்டியா? ம். சாப்பிட்டுட்டு ஓடு. இல்ல, ஓடிட்டுச் சாப்பிடு. உனக்கே தெரியும், எனக்கென்ன தெரியும். வை.

டீச்சர், அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடுங்க. கண்ணுல தூசி. சன்னலச் சாத்தச் சொன்னேன்ல, யாரு தொறந்தது? நான் ஒண்ணும் அழுகல.

என்ன சொன்னா தெரியுமா? "அத்தை"ன்னா. முதல் வார்த்தையே அத்தைதான். "அத்தை, இன்னையில இருந்து புது அட்டை ஆரம்பிக்கணும். உங்க மகன் சத்தியம் பண்ணிட்டேன், நான் வாங்க மாட்டேன்ங்கிறாரு. நீங்க வரும்போது வாங்கிட்டு வாங்க"ன்னா. பாத்தீகளா? கேட்டீகளா நீங்களும்? என்கிட்டக் கேட்டுட்டா! கோவில்பட்டியில கடையா இல்ல, அவளுக்குக் காலா இல்ல, அம்மா இல்லையா, அக்கா தங்கச்சி இல்லையா? எல்லாரையும் விட்டுட்டு என்கிட்டக் கேக்குறா. இதத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், வாய வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டா நான் என்ன மாட்டேன்னா சொல்லுவேன்? எதுக்குச் சிரிக்கீக? நீங்களும் அவள மாதிரியே சிரிக்கீக.

அய்யோ, பொட்டிதான் இப்ப நம்மகிட்ட இல்லையே. நர்சம்மா கொண்டு போயிட்டாகளே. போகட்டும், திரும்பக் குடுங்கன்னு கேட்டு நான் போக மாட்டேன், அவுகளா வருவாக. ஊருப் பொம்பளைக பிரிச்சு வெச்ச ஜாக்கெட்டோட வந்து நின்னா நர்சம்மா என்ன செய்வாக? வந்துதான் ஆகணும். இன்னைக்குத்தான் என்ன செய்றதுன்னு யோசிக்கேன். இவ்வளவு வருசத்துல நான் ஒரு கடையில நின்னு இதக் கேட்டதே இல்ல டீச்சர். ஊருக்கே எடுத்துக் குடுத்த கை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெடிக்கல் ஷாப்பு எங்க இருக்கு? வெளிய வந்ததும் வலது பக்கமா? கூட்டமா இருக்குமோ? நீங்க வாங்கித் தாரேங்கிறீகளா? வேணாம் டீச்சர், நல்லா இருப்பீக, வேணாம். அவ என்கிட்டக் கேட்டிருக்கா, நான்தான் வாங்கணும். கூட்டம் இருந்தா இருக்கட்டும். ஓரமா நிக்க மாட்டேன், இருமல் மிட்டாய் கேக்க மாட்டேன். நேராப் போயி மேசைமேல கையத் தட்டி, புள்ள உண்டாகாம இருக்கத் திங்கிற மாத்திரை குடுப்பான்னு கேப்பேன். அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாக்கட்டும். இந்த வயசுல உனக்கெதுக்கும்மான்னு அவன் கேக்கட்டும். என் மருமகளுக்கு, போலீஸாகப் போறா, என்கிட்டத்தான் வாங்கிட்டு வரச் சொன்னான்னு சொல்லுவேன். அவன் கேக்கலன்னாலும் சொல்லுவேன்.